போச்சு... ஆனா வரலை!

டேட்டாபேஸ் பக்கம் குப்பை கொட்டுறவன்கிறதால, யாருக்காவது யூபிஐல பணம் மாட்டிக்கிட்டா என்கிட்டதான் வருவாங்க. "அக்கவுண்ட்ல கழிச்சிட்டான், கடைக்காரர் வரலைங்கிறார், போன்ல பென்டிங்னு காட்டுது. போச்சுன்னு சொல்லணும், இல்ல போகலைன்னு சொல்லணும். இது என்னங்க பொழப்பு?"

நியாயமான கேள்விதான். ஆனா என்னைக் கேட்டா, அந்த நேரத்துல சொல்லக்கூடிய ஒரே உண்மை அந்த ‘பென்டிங்’தான்.

மேட்டர் இதுதான். உங்க வங்கியோட டேட்டாபேஸ் வேற, கடைக்காரர் வங்கியோடது வேற. நடுவுல என்பிசிஐ. உங்க பக்கம் 500 ரூபா கழிச்சாச்சு, அந்தப் பக்கம் வரவு வைக்கச் சொல்லி செய்தி போயாச்சு. பதில் வரலை. செய்தியே போய்ச் சேரலையா, இல்ல வரவு வச்சப்புறம் பதில் மட்டும் வழியில தொலைஞ்சுதா? இந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ‘தோல்வி’ன்னு அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்தா, உங்ககிட்டயும் 500, அவர்கிட்டயும் 500, வங்கிக்கு நாமம். ‘வெற்றி’ன்னு மூடிட்டா நாமம் உங்களுக்கோ கடைக்காரருக்கோ.

அதனால நல்ல சிஸ்டம் ஊகிக்காது. ‘இன்னும் முடியலை’ன்னு குறிச்சு வச்சுக்கிட்டு, அதே பரிவர்த்தனை எண்ணைச் சொல்லி "என்னாச்சு?"ன்னு திரும்பக் கேட்கும். வரவுச் செய்தியையே மறுபடி அனுப்பினாலும், எண் ஒண்ணுங்கிறதால பணம் ஒரு தடவைதான் ஏறணும். அப்படியும் தெளியலைன்னா ரெண்டு பக்கக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்க்கணும். ஜிம் கிரே 1978லயே எழுதின ‘டூ ஃபேஸ் கமிட்’லயும் இதே கதைதான்: ‘நான் ரெடி’ன்னு சொல்லிட்ட டேட்டாபேஸ், முடிவு வர்ற வரைக்கும் தன்னிஷ்டத்துக்கு எதுவும் செய்யக்கூடாது.

சரி, டேட்டாபேஸ் காத்திருக்கும். மாசக்கடைசியில அந்த 500 ரூபாயை மட்டும் நம்பி மருந்துக்கடை வாசல்ல நிக்கிறவர்? அதுக்குத்தான் கெடு வேணும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல போட்ட உத்தரவுப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பின யூபிஐ பணம் சேரலைன்னா மறுநாளுக்குள்ள திரும்பணும். கடைக்குன்னா 5 நாள். தாண்டினா நாளுக்கு 100 ரூபா, புகார் கொடுக்காமலே தரணும். நம்மாளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது.

இன்னொண்ணு. பென்டிங்னு வந்ததும் மறுபடி அனுப்பாதீங்க. சிஸ்டம் திரும்ப அனுப்பினா பழைய எண், நீங்க அனுப்பினா புது எண். ரெண்டாவது 500ஐயும் அது தாராளமா எடுத்துக்கும்!