முயலின் வாய்க்குள் யார் கை?



கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நகராட்சிப் பூங்காவுக்கு எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தோம். வாசலிலேயே ஃபைபர் முயல் ஒன்று வாயைப் பிளந்து நின்றது. அடுத்து பென்குயின், கொஞ்சம் தள்ளி ஒரு தவளை. வயிற்றில் ‘யூஸ் மீ’ என்று எழுதிய குப்பைத்தொட்டிகள்தான். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். முயலுக்கு ஊட்டுவதற்காகவே மிட்டாய் வாங்கித் தின்று, காகிதத்தை அதன் வாயில் போட்டார்கள். நாங்களும் ரசித்தோம்.

ஒரு பையன் மட்டும் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த வழியாகப் போனோம். அந்தப் பையனின் அம்மா முயலின் வாய்க்குள் தோள்வரை கைவிட்டு அள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே வாளி இல்லை. கையில் கையுறை இல்லை. உடைந்த பாட்டில், ஊசிப்போன சோறு, சுற்றாமல் போட்ட நாப்கின் எல்லாம் வெளியே வந்தன. “முயலு நல்லாத்தான் சிரிக்குது தம்பி. கையி கிழியுறது எனக்குல்ல” என்றார்.

மாமல்லபுரம் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை இரண்டு கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி போலித் தவத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். இந்த முயலின் சிரிப்பு குப்பை போடுகிறவருக்கு மட்டும். அள்ளுகிறவர் ஒருவர் வருவார் என்று அதைச் செய்தவர்கள் நினைத்ததாகவே தெரியவில்லை. எங்கள் ஊர்களில் அந்த ஒருவர் பெரும்பாலும் அருந்ததியர் தெருவிலிருந்து வருகிறார். துப்புரவுப் பணியாளர் இப்போது தூய்மைப் பணியாளர் ஆகிவிட்டார். பெயர்தான் மாறியது.

சட்டம் ஊமையாக இல்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சீருடை, கையுறை, முகக்கவசம், மழைக்கோட்டு, காலணி எல்லாம் தரச் சொல்லின. நாப்கினைச் சுற்றி உலர்குப்பைத் தொட்டியில் போடுவது குப்பை போடுகிறவர் பொறுப்பு என்றும் சொல்லின.

தேனி-அல்லிநகரம், பெரியகுளம், போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என நம் மாவட்டத்தில் ஆறு நகராட்சிகள். உங்கள் ஊர்ப் பூங்காவில் இப்படி ஒரு முயலோ பென்குயினோ இருந்தால் அதன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கதவு திறக்கிறதா? உள்ளே வாளி இருக்கிறதா? கடந்த ஆண்டு எத்தனை ஜோடி கையுறை வாங்கினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். தொழிலாளர்களிடம் பேசிவிட்டுப் போடுங்கள். கேள்வி கேட்டது நீங்கள், வேலை போனது அவர்கள் என்று ஆகிவிடக் கூடாது.

முயலை எடுத்துவிடச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது வேண்டும். அந்தப் பையனும் ஒருநாள் தயங்காமல் அதற்கு ஊட்ட வேண்டும்.