ஒரு டிகிரி கோணல்

கோல்ஃப் என்றாலே பணக்காரர்கள் விளையாட்டு, வெள்ளைக்காரன் விட்டுப் போன பொழுதுபோக்கு என்றுதான் பொதுவான பேச்சு. பெரும்பாலும் உண்மையும் அதுதான். செஞ்சியைத் தாண்டி சில கிலோமீட்டரில் இருக்கும் சிங்கவரத்தில் போய் கோல்ஃப் மைதானம் எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். அங்கே இருப்பது மலை, மலைமேல் பாறையைக் குடைந்து செய்த ரங்கநாதர் கோயில், கீழே வயல். தமிழ்நாட்டில் கோல்ஃப் என்றால் சென்னை, ஊட்டி, கொடைக்கானல்.

ஆனால் கோல்ஃபில் பாதி ஆட்டம் எது என்று தெரிந்தால் அவர்கள் அவ்வளவு சிரிக்க மாட்டார்கள். தரையில் ஒரு குழி. சற்றுத் தள்ளி ஒரு சின்ன உருண்டை. உருட்டிக் குழியில் போட வேண்டும். கோலி ஆடிய யாருக்கும் இது தெரிந்த சமாச்சாரம்! கோல்ஃபில் இதற்குப் பெயர் பட்டிங். அடிக்கும் மட்டைக்குப் பெயர் பட்டர்.

"பாதி ஆட்டம்" என்பது மிகையில்லை. ஒரு முழு மைதானத்தில் 18 குழிகள். பெரும்பாலான மைதானங்களில் 72 அடியில் முடிப்பதுதான் இலக்கு. அந்த 72-இல் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகளைப் பட்டிங்குக்கு என்றே ஒதுக்கிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 250 மீட்டர் பறக்க அடித்தாலும் ஒரு அடிதான். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று உருட்டினாலும் ஒரு அடிதான். செலவுக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே விலை.

இந்த விலை எவ்வளவு பெரியது என்பதை 2021 ஆகஸ்டில் இந்தியாவே பார்த்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக் நான்காவது இடம் பிடித்தார். அப்போது உலகத் தரவரிசையில் அவர் இடம் 200. மற்ற வீராங்கனைகள் அவரைவிட வெகுதூரம் அடித்தார்கள். அந்த வருடம் கொரோனா வந்து போனதில் அவருடைய பலம் இன்னும் குறைந்திருந்தது. அப்படியும் நான்கு நாளும் பதக்கப் போட்டியில் இருந்தார் என்றால் காரணம் பட்டிங்தான். கடைசிக் குழியில் நீண்ட தூரத்திலிருந்து உருட்டிய பந்து மட்டும் விழுந்திருந்தால் பதக்கத்துக்கான பிளேஆஃபில் அவரும் இருந்திருப்பார். விழவில்லை. நான்கு நாள் ஆட்டத்தின் முடிவில் ஒரே ஒரு அடியில் வெண்கலம் போனது.

சரி, குறி தப்ப எவ்வளவு கோணல் தேவை? சின்னக் கணக்குதான்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 5.4 சென்டிமீட்டர். குழி பத்தடி தூரத்தில் இருக்கிறது, தரை சமம் என்று வைத்துக்கொண்டால், பந்து ஒரு டிகிரி விலகிக் கிளம்பினால் குழிக்குப் போய்ச் சேரும்போது 5.3 சென்டிமீட்டர் விலகியிருக்கும். அதாவது விளிம்பைத் தொட்டுக்கொண்டு தவிக்கும். மெதுவாக வந்தால் விழலாம், வேகமாக வந்தால் சுற்றி வெளியே போகும். இரண்டு டிகிரி என்றால் வாய்ப்பே இல்லை. இருபது அடி தூரத்துக்கு அனுமதி அரை டிகிரிதான். ஒரு டிகிரி என்பது எவ்வளவு? கடிகாரத்தின் பெரிய முள் பத்து விநாடியில் நகரும் அளவு. கண்ணுக்கே தெரியாது.

கோலி ஆடுபவனுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தைக் குழிக்கு நேராக வைத்து, இரண்டு கண்ணாலும் கோட்டைப் பார்த்து அடிக்கிறான். கேரம் ஆடுபவனும், உண்டிவில் பிடிப்பவனும் அப்படியே. கோல்ஃப் ஆடுபவன் பக்கவாட்டில் நிற்கிறான். குழி அவனுக்கு இடது பக்கம் இருக்கிறது. கண்கள் பந்துக்கு மேலே இருக்கின்றன. தலையைத் திருப்பிக் குழியைப் பார்த்துவிட்டு மறுபடி குனியும்போது, பார்த்த கோட்டை மனசில்தான் வைத்திருக்க வேண்டும். பாதித் தவறு இந்த நிற்கும் முறையிலேயே வந்துவிடுகிறது.

இன்னொன்று. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கை ஆடும் பாதை அல்ல, பந்தைத் தொடும் நொடியில் பட்டரின் முகம் பார்க்கும் திசை. ஆனால் புதிதாக ஆடுபவர்கள் முதலில் காலை ஊன்றிக்கொண்டு பிறகு பட்டரை வைக்கிறார்கள். இது தலைகீழ். முதலில் பட்டரின் முகத்தைக் கோட்டுக்குச் சரியாக வைக்க வேண்டும், அதற்கேற்பக் காலும் தோளும் வர வேண்டும். அந்தக் காலும் குழியைப் பார்க்கக் கூடாது. ரயில் தண்டவாளத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு தண்டவாளத்தில் பந்தும் குழியும், மற்றதில் ஆடுபவனின் கால்கள். இரண்டும் எங்கேயும் சேராது.

இதில்தான் வணிகவியல் படிப்பவர்களுக்குப் பழக்கமான ஒரு பூதம் வருகிறது. ஈடுசெய் பிழை! ஒரு கணக்கில் நூறு ரூபாய் கூட எழுதி, இன்னொரு கணக்கில் அதே நூறைக் கூட எழுதினால் இருப்பாய்வு இரண்டு பக்கமும் சரியாக நிற்கும். ஆனால் புத்தகம் தப்பு. பட்டிங்கிலும் அப்படியே. ஒருவன் பட்டரை இரண்டு டிகிரி வலப்பக்கம் வைக்கிறான். பந்து வலப்பக்கமே போவதைப் பார்த்துப் பார்த்து, அடிக்கும்போது கை தானாக முகத்தை இரண்டு டிகிரி இடப்பக்கம் திருப்பக் கற்றுக்கொள்கிறது. பந்து குழியில் விழுகிறது. அவனும் குறி சரியாக இருக்கிறது என்று நம்புகிறான். பதற்றமில்லாத நாளில் இது ஓடும். கை லேசாக நடுங்கும் நாளில் இரண்டு பிழைகளில் ஒன்று மட்டும் வராமல் போகும். அன்றைக்குத்தான் போட்டி இருக்கும்.

அதனால் பந்து விழுந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவிகள் கடையில் உண்டு. ஆனால் கொத்தனாரிடம் இருக்கும் நூலே போதும்.

முதலில் நூல். இரண்டு குச்சி நட்டு, சமமான தரையில் குழிக்கு நேராக, பந்துக்குச் சற்று மேலே நூல் கட்ட வேண்டும். பந்தை நூலுக்கு அடியில் வைத்துப் பட்டரைப் பிடித்தால், முகம் நூலுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று உடனே தெரியும். "நூல் பிடித்த மாதிரி" என்று சும்மாவா சொன்னார்கள்!

இரண்டாவது கண். நிற்கும் நிலையிலேயே, மூக்கின் மேல்பாகத்தில் இரு கண்களுக்கு நடுவிலிருந்து ஒரு கூழாங்கல்லைக் கீழே விட வேண்டும். கல் பந்தின் மேலோ, பந்துக்குச் சற்று உள்பக்கமோ விழுந்தால் நல்லது. பந்தைத் தாண்டி வெளியே விழுந்தால் கண் கோட்டுக்கு அப்பால் நிற்கிறது, பார்க்கும் கோடே கோணலாகத்தான் தெரியும்.

மூன்றாவது வாசல். பந்துக்கு ஐம்பது சென்டிமீட்டர் முன்னால், கோட்டுக்கு இருபுறமும் சமமாக இரண்டு கோலிகளை வைக்க வேண்டும். இடைவெளி ஆறு சென்டிமீட்டர். பந்தின் அகலமே 4.3 சென்டிமீட்டர் இருப்பதால், எதையும் தொடாமல் பந்து வாசலைத் தாண்டினால் கோணல் ஒரு டிகிரிக்குள் என்று அர்த்தம். அதாவது பத்தடி தூரத்துக்குத் தேர்ச்சி.

நான்காவது, பந்தில் ஒரு கோடு. பேனாவால் கோடு போட்டு, அதைக் குறிக்கு நேராகத் திருப்பி வைப்பது விதிப்படி சரிதான். அந்தக் கோட்டின் நேரில் ஒரு சாண் தூரத்தில் புல்லில் ஏதாவது ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டால், பத்தடி தள்ளி இருக்கும் குழிக்குக் குறி வைப்பதைவிட எளிது.

தரை சரிவாக இருந்தால் குழியைக் குறி வைக்கவே கூடாது. பந்து எங்கே வளையத் தொடங்குமோ அதை வைத்து, குழிக்குப் பக்கத்தில் மேட்டுப் பக்கமாக ஒரு புள்ளியைக் குழி என்று பாவித்து நேராக அடிக்க வேண்டும். வேகம் குறைந்தால் வளைவு கூடும். அதனால் வேகத்தை முடிவு செய்யாமல் குறியை முடிவு செய்ய முடியாது.

ஆட்டத்தில் இந்த உதவியெல்லாம் கிடையாது. நிற்கும் நிலையைச் சரிசெய்யத் தரையில் எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது. 2019-இல் வந்த விதிப்படி, ஆடுபவர் கால் ஊன்றத் தொடங்கியபின் கேடி அவருக்குப் பின்னால் கோட்டின் நேரில் நின்று திசை சொல்லவும் கூடாது. மிஞ்சுவது பழக்கமும் பார்வையும்தான். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக ஆடுபவர்களின் பார்வை அடிப்பதற்கு முன் பந்தில் அசையாமல் நிலைத்து நிற்பதைக் காட்டினார். சுமாராக ஆடுபவர்களின் கண் அங்கும் இங்கும் அலைகிறது.

இவ்வளவும் நூலும் கூழாங்கல்லும் கோலியும் வைத்துக் கற்றுக்கொள்ளக் கூடியவை. அப்படியானால் சிங்கவரத்துப் பையன் கோல்ஃப் வீரனாகிவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. கோலியில் குறி பார்க்கும் கண் பட்டிங்குக்குத் தானாக வந்துவிடாது. அதற்குப் புல்தரை வேண்டும், பட்டர் வேண்டும், உள்ளே விடும் வாசல்காரர் வேண்டும். கேடியாக மூட்டை தூக்கப் போனவர்களுக்கு மட்டும் அந்த வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபனை வென்றார். பெங்களூருவில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை பிளேஆஃபில் வென்றார். அவர்களுக்குத் திறமையை யாரும் கொடுக்கவில்லை, மைதானத்துக்குள் நிற்க ஒரு காரணம் மட்டுமே கிடைத்தது. அந்தக் காரணம் கிடைக்காத ஊர்களில் எத்தனை நல்ல கண்கள் இருக்கின்றன என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

சிங்கவரத்து மலையில் பள்ளிகொண்ட பெருமாள் பாறையிலேயே செதுக்கப்பட்டவர். தப்பாக விழுந்த உளியைத் திரும்ப எடுக்க முடியாத வேலை அது. உளி விழும் முன்பே கோடு சரியாக இருந்தாக வேண்டும். பட்டிங்கும் அப்படித்தான், பந்து கிளம்பிய பிறகு செய்ய ஒன்றுமில்லை.

பழகுபவர்கள் ஒரு பழைய நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளலாம். இடம், வலம், நடு. ஒரு நாளைக்கு ஐம்பது பந்து. ஒரே கட்டம் நிறைந்துகொண்டே போனால் கையைத் திட்ட வேண்டாம், நூலைக் கட்டிப் பட்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும். இடமும் வலமும் கலந்து நிறைந்தால் குறியில் கோளாறில்லை, அடியில்தான் நிதானமில்லை. எந்தப் பிழை எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று தெரிந்துவிட்டாலே பாதித் திருத்தம் முடிந்த மாதிரி.