உங்க கால் எத்தனை வாட்?

உங்க மொபைல் பேட்டரி எத்தனை எம்.ஏ.ஹெச்.னு கேட்டா டக்குனு சொல்லிடுவீங்க. உங்க கால் எத்தனை வாட்? முழிக்கிறீங்கல்ல... நானும் முழிச்சவதான். 2024 நவம்பர் 30 வரைக்கும்!

திண்டிவனத்துல பாண்டிச்சேரி பஸ் ஏறினா, நடுவுல வர்றது எங்க ஊர் கிளியனூர். அன்னிக்கு ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்துச்சுங்கிறதைவிட, வந்து உட்கார்ந்துக்கிச்சுனு சொல்லலாம். பக்கத்து மயிலத்துல மட்டும் 24 மணி நேரத்துல 51 சென்டிமீட்டர் மழை. கரன்ட் காலி. ரோடெல்லாம் தண்ணி. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். ஆனா, அக்காவை முந்தின நாள்தான் பிரசவத்துக்கு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். துணைக்கு அம்மா. இங்கே வீட்டுல இருந்த மூணு போனும் டெட்.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் பார்த்த தாத்தா கேட்டார்: ''ஏன் பாப்பா, நீ கரன்ட்டு படிப்புதானே படிக்கிற?''

சுருக்குனு இருந்துச்சு. அப்போ நான் செகண்ட் இயர் ட்ரிபிள் ஈ. டிரான்ஸ்ஃபார்மர் படம் கண்ணை மூடிக்கிட்டு வரைவேன். ஒரு போனை சார்ஜ் பண்ணத் தெரியலை.

தாத்தா வேற எதுவும் சொல்லலை. திண்ணை ஓரமா நின்ன அவரோட பழைய சைக்கிளைப் பார்த்தார். பின் சக்கரத்துல டைனமோ! 6 வோல்ட், 3 வாட். லேப்ல மிச்சமாகி பைக்குள்ளேயே கிடந்த நாலு டயோடு, ஒரு கெபாசிட்டர், ஒரு 7805 ஐ.சி.யை எடுத்தேன். பழைய சார்ஜர் ஒயரை வெட்டி முறுக்கினேன். ஸ்டாண்டு போட்டு அப்பா ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பிச்சார்.

கொஞ்சம் கணக்கு போடலாமா? 5,000 எம்.ஏ.ஹெச். போன் பேட்டரினா சுமார் 19 வாட்-ஹவர். டைனமோ தர்ற 3 வாட்ல வழியில வீணாகிறது போக 2 வாட் போன்ல ஏறினாலே பெரிசு. ஒரு மணி நேரம் மிதிச்சா 10 சதவிகிதம்! இதுல கால் கொஞ்சம் தளர்ந்தாலும் 'சார்ஜிங்' அடையாளம் மறைஞ்சுபோகும். அப்பா, நான், எதிர் வீட்டு அண்ணன்னு மாத்தி மாத்தி மிதிச்சோம். தாத்தா டார்ச் பிடிச்சார்.

40 நிமிஷத்துல 6 சதவிகிதம். டவர் ஒரே ஒரு கோடு. நாலாவது தடவை ரிங் போச்சு. அம்மா குரல். ''பொண்ணு பொறந்திருக்குடி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீங்க சாப்பிட்டீங்களா?'' அவ்வளவுதான், கட். அப்பா சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. ஹேண்டில்பார்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

கரன்ட் வந்த பிறகும் இந்த மிதி மேட்டர் மண்டையை விட்டுப் போகலை. இதையே சீரியஸா யாராவது செஞ்சிருக்காங்களானு தேடினேன். போய் நின்ன இடம், சத்தியமா எதிர்பார்க்காத இடம்... பாய்மரப் படகு!

காத்துல ஓடுற படகுக்கு சைக்கிள் எதுக்குனுதானே கேட்கிறீங்க? காத்து படகை ஓட்டும், சரி. ஆனா பாயை இழுக்கணும், தளர்த்தணும், திருப்பணும். அதுக்குப் பலம் வேணும். 1851-லேர்ந்து நடக்கிற அமெரிக்கா கோப்பை படகுப் போட்டியில, இந்த வேலைக்குத் தடித்தடியான ஆளுங்க நின்னு கையால கிராங்க் சுத்துவாங்க. 2017-ல பெர்முடாவுல நடந்த போட்டிக்கு நியூசிலாந்து டீம் வந்தப்போ எல்லாரும் வாயைப் பிளந்தாங்க. ஆறு பேர் போற படகுல நாலு பேர் சைக்கிள் மிதிக்கிறாங்க! அதுல ஒருத்தர், 2012 லண்டன் ஒலிம்பிக்ல சைக்கிள் பந்தயத்துல வெண்கலம் ஜெயிச்ச சைமன் வான் வெல்தோவன்.

லாஜிக் சிம்பிள். கைத் தசையைவிட கால் தசை பெரிசு. ரொம்ப நேரம் தாங்கும். மிதிக்கிற மிதி நேரா ஹைட்ராலிக் பம்புக்குப் போகும். அந்த எண்ணெய் அழுத்தம் பாயையும், படகைத் தண்ணிக்கு மேல தூக்குற இறக்கைகளையும் அசைக்கும். கால் மிதிக்குதுனா கை சும்மா இருக்கும்ல... அதனால மிதிச்சுக்கிட்டே ஒருத்தர் அந்த இறக்கைகளையும் பார்த்துக்கிட்டார். அமெரிக்க டீமும் அவசரமா ஒரு சைக்கிளைப் பொருத்திப் பார்த்துச்சு. ம்ஹூம். 7-1. கோப்பை நியூசிலாந்துக்கு!

இன்னொரு குஷியான விஷயம். அந்தப் படகு இரட்டை உடல் கொண்ட 'கேட்டமரான்'. நம்ம 'கட்டுமரம்'தான் இங்கிலீஷுக்குப் போய் அப்படி ஆச்சு. அதைவிட, கால் பலத்தை நம்பின ஆளுங்க நம்ம வீட்டுலயே இருக்காங்க. இதைச் சொன்னதும் தாத்தா சிரிச்சார். சின்ன வயசுல ஏத்தம் மிதிச்சவர் அவர். ஏத்த மரத்து மேல முன்னாடியும் பின்னாடியும் நடந்து நடந்தே கிணத்துத் தண்ணியை மேலே ஏத்தின ஆளு.

'அப்போ எல்லாத்தையும் மிதிச்சே ஓட்டிடலாமே'னு கிளம்பிடாதீங்க. நம்மள மாதிரி ஆளு ஒரு மணி நேரம் விடாம மிதிச்சா கிடைக்கிறது 75 முதல் 100 வாட். பயிற்சி எடுத்த வீரர்னா 20 நிமிஷத்துக்கு 400 வாட் வரை போவார். கழனியில ஓடுற 5 ஹெச்.பி. மோட்டாருக்கு 3,700 வாட் வேணும். அதாவது 37 பேர்!

கடலிலும் அதே கணக்குதான். எங்க ஊர்ல புயல் அடிச்ச அன்னிக்கு, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோட்டு தில்னாவும் 56 அடி 'தாரிணி'யில ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவுல போய்க்கிட்டிருந்தாங்க. 2024 அக்டோபர் 2-ல கோவாவுல கிளம்பி, 2025 மே 29-ல திரும்பின உலகப் பயணம் அது. அந்த மாதிரி நீண்ட பயணத்துல படகை நேர் திசையில பிடிச்சு வைக்கிற ஆட்டோபைலட், சராசரியா 50 வாட் கேட்குதுனு வெச்சுக்கங்க. ஒரு நாளைக்கு 1,200 வாட்-ஹவர். மிதிச்சே தரணும்னா தினமும் 12 மணி நேரம்! அதனாலதான் நெடும்பயணப் படகுகள் சோலார் பேனல், காத்தாடி, இன்ஜின்னு வெச்சுக்குது. போட்டிக்காரங்களும் மனசு மாறிட்டாங்க. 2021-ல சைக்கிளுக்குத் தடை. 2024 பார்சிலோனாவுல திரும்ப அனுமதி, மறுபடி ஜெயிச்சது நியூசிலாந்து. 2027 நேப்பிள்ஸ் போட்டிக்கு, மிதிக்கிற ஆளுங்களுக்குப் பதிலா பேட்டரினு விதியே வந்தாச்சு.

ஆனாலும், எல்லாம் செத்துப்போனா கடைசியில மிச்சம் இருக்கிறது உடம்புதான். ஆபத்துல மாட்டினவங்களுக்காக, கடல் தண்ணியைக் குடிநீராக்குற சின்னக் கைப்பம்பு ஒண்ணு இருக்கு. ஒரு மணி நேரம் அடிச்சா ஒரு லிட்டர்கூட முழுசா வராது. உயிர் பிழைக்க அது போதும்.

எனக்குப் புரிஞ்சது இதுதான் மக்களே. பெர்முடாவுல அந்த நாலு ஜோடிக் கால் படகை ஓட்டலை. ஓட்டினது காத்து. கால்கள் பாயையும் இறக்கைகளையும் மட்டும் பிடிச்சு வெச்சிருந்தது. எங்க வீட்டுலயும் அந்த 2 வாட், ஃபேனை ஓட்டலை, லைட்டை எரியவிடலை. ஒரே ஒரு போன் காலைப் பிடிச்சுக் கொடுத்துச்சு. நம்ம பலம் கொஞ்சம்தான். எதுக்குனு சரியா முடிவு பண்ணிட்டா கொஞ்சமே போதும்.

அன்னிக்குப் பொறந்தவ இப்போ வீடு பூரா ஓடுறா. அவளைத் துரத்திப் பிடிக்கவே எனக்கு 100 வாட் பத்தலை!