மாலைப் பொழுது யாருடையது?

கொட்டாஞ்சேனையில் ஓர் அறையும் குசினியுமாக அமைந்த வீடொன்றில் எமது மாணவன் ஒருவன் வசிக்கிறான். அறையிலே தொலைக்காட்சி, அதன் எதிரே அவனுடைய புத்தகங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் அவன், மாலையானதும் படிக்க வழியின்றித் தவிப்பதைக் கண்டு, குற்றம் முழுவதும் அந்தப் பெட்டியினுடையதே என்று நாம் முடிவு கட்டினோம். ஆசிரியர்களாகிய எமக்குத் தீர்ப்பு வழங்குவது எளிதான காரியமல்லவா?

பரிகாரமும் எம்மிடம் ஆயத்தமாக இருந்தது. வெள்ளவத்தையில் எமது அறையிற் கிடந்த பழைய கணினியில் லினக்ஸையும், மித்ரீவி என்னும் கட்டற்ற மென்பொருளையும் நிறுவி, தொலைக்காட்சி அலையை வாங்கும் அட்டையொன்றையும் பொருத்தி, அவ்வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். குறித்த நிகழ்ச்சியைத் தானே பதிந்து வைத்து, வேண்டும் வேளையிற் காட்டும் மென்பொருள் அது. 2002ஆம் ஆண்டில் ஐசக் ரிச்சர்ட்ஸ் என்பவர் தொடங்கிய அதனைப் பலர் கூடி வளர்த்தனர். பணம் கொடாமலே எவரும் அதைப் பெறலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

ஆயினும், நிகழ்ச்சி நிரலின்றி அக்கருவியால் என்ன பயன்? அனலொக் ஒளிபரப்பு நிரலைத் தன்னோடு சுமந்து வருவதில்லை. அமெரிக்காவிலும் இவ்வில்லங்கம் நேர்ந்ததுண்டு. ட்ரிபியூன் நிறுவனம் இலவசமாக வழங்கிவந்த நிரலை 2007இல் நிறுத்தியபோது, மென்பொருளை ஆக்கியோரே 'ஷெட்யூல்ஸ் டைரக்ட்' என்னும் இலாப நோக்கற்ற அமைப்பை நிறுவி, சந்தா சேர்த்து, நிரலைப் பெறலாயினர். ஏர் நமதாயினும் விதை பிறருடையதாயின் உழவன் சுதந்திரமானவனா?

எமக்கோ சந்தா கட்டவும் இடமில்லை. நாமும் மாணவனுமாகப் பத்திரிகையைப் பார்த்து, எக்ஸ்எம்எல்ரீவி என்னும் அமைப்பில், ஒரு வாரத் தமிழ் நிகழ்ச்சிகளைக் கையாலேயே தட்டெழுதினோம். இரவு எட்டு மணித் தொடரைப் பதிந்து, பத்து மணிக்குப் பார்ப்பதாகத் திட்டமிட்டோம். பெருமிதத்தோடு அதனைத் தாயாரிடம் காட்டினோம்.

அவர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சேர், பத்து மணிக்கு நான் நித்திரை. விடிய நாலு மணிக்கு எழும்ப வேணும். முழு நாளிலயும் அந்த அரை மணித்தியாலம்தான் எனக்கெண்டு இருக்குது" என்றார்.

நாம் வாயடைத்து நின்றோம். எல்லா அலைவரிசைகளின் நேரங்களையும் எழுதிய நாம், அவருடைய நேரத்தை எழுத மறந்தோம். அவரைக் கேட்கவும் இல்லை.

மறுநாள் மூவரும் கூடியிருந்து திட்டத்தை மாற்றினோம். தொடர் எட்டு மணிக்கே மீண்டது. மகனுடைய கிரிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று. அந்த அரை மணித்தியாலத்தில் சமையற்பாத்திரங்களைக் கழுவுவது மகனுடைய பொறுப்பாயிற்று. அதன்பின் பெட்டி ஓய, புத்தகம் திறந்தது.

கட்டற்ற மென்பொருளின் பெருமை அதன் விலையின்மையில் இல்லை. பயன்படுத்துவோரே அதைத் திருத்தலாம் என்பதில் இருக்கிறது. இவ்வுண்மையைப் பல நூல்களிற் படித்திருந்தோம். கொட்டாஞ்சேனைத் தாயொருத்தியே அதனை எமக்கு விளங்கவைத்தார்.

ஆயினும் எந்த மென்பொருளும் அவ்வீட்டுக்கு இன்னுமோர் அறையைக் கட்டித் தராது. அந்த அறைக்கான கோரிக்கையைத் தட்டெழுதித் தீர்க்க முடியாது. வீதியில் நின்று பலரோடு கூடியே கேட்க வேண்டும்.