யூரோவில் பென்ஷன், புதுச்சேரியில் முதுமை

பிரான்சில் வாழும் புதுச்சேரித் தமிழர்களிடம் ஓய்வுக்காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கணக்கு தவறாமல் வந்து நிற்கும். பாரீஸ் புறநகரில் ஒரு சின்ன வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையில், முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ மாதம் முழுக்கக் குடும்பம் நடத்திவிடலாம் என்பார்கள். 2002இல் 45 ரூபாயைச் சுற்றி இருந்த யூரோ, 2025இல் 100 ரூபாயைத் தாண்டியதும் இந்தப் பேச்சுக்கு இன்னும் வலுக் கூடிவிட்டது. அரிசி, காய்கறி, வாடகை என்று விலைகளை மட்டும் பார்த்தால் கணக்கு சரிதான். ஆனால் ஒரு நாட்டைவிட்டுக் கிளம்புகிறவர், அந்த நாடு அன்றோடு எதையெல்லாம் கொடுக்காமல் நிறுத்தும் என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும். அப்படி எழுதிப் பார்த்தால், மலிவான வாழ்க்கை யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

இந்த நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியதற்குக் காரணம், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய புதுச்சேரிக்காரர்களான சொல்தாக்கள். புதுச்சேரியை ஒப்படைக்கப் பிரான்ஸ் இந்தியாவோடு செய்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபின், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் சுமார் 5,000 பேர். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றிவிட்டுத் திரும்பிய படைவீரர்களின் பென்ஷன் புதுச்சேரியில் வீடுகளாயிற்று, பிள்ளைகளின் படிப்பாயிற்று. அது பணிக்காலத்தால் ஈட்டிய உரிமை. ஆண்டுதோறும் உயிருடன் இருப்பதற்கான சான்றிதழை அனுப்பினால் உலகின் எந்த மூலைக்கும் வரும். விலைவாசிக்கேற்ற உயர்வும் உண்டு. பிரிட்டனின் அரசு ஓய்வூதியமோ இந்தியாவில் குடியேறுவோருக்கு முதல் நாள் தொகையிலேயே உறைந்துவிடுகிறது. அந்த வகையில் பிரான்ஸ் நியாயமாக நடந்துகொள்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் சொல்தாவைப் பார்த்து உருவான நம்பிக்கையை அடுத்த தலைமுறை அப்படியே எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் காவல் பணியிலும் காலம் தள்ளியவர்களுக்கு, முக்கியமாக நடுவயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு, முழு ஓய்வூதியத்துக்கான ஆண்டுகள் சேர்வதே இல்லை. அவர்களுடைய குறைந்த தொகையைத் தூக்கி நிறுத்துவது அஸ்பா என்னும் முதியோர் உதவி. தனியாக வாழ்பவரின் மாத வருமானத்தை 2025இல் அது 1,034 யூரோ வரை நிரப்பியது. ஆண்டில் ஒன்பது மாதத்துக்கு மேல் பிரான்சில் வசித்தால்தான் அது கிடைக்கும். அறுநூறு யூரோ ஓய்வூதியம் உள்ள அம்மாள் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தால் மீதி நானூற்றுச் சொச்சத்தை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

அறுநூறு யூரோ என்றாலும் அறுபதாயிரம் ரூபாய் ஆயிற்றே, புதுச்சேரியில் எத்தனை குடும்பங்களுக்கு அந்த வருமானம் இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சொந்த வீடும் நல்ல உடம்பும் இருக்கும்வரை அந்தப் பணம் தாராளம். எழுபது வயதுக்குப் பிறகு உடம்புதான் மாதச் செலவைத் தீர்மானிக்கிறது. மத்தியதரைக் கடல் தீவுகளோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். மால்டாவில் குடியேறும் ஐரோப்பியர்கள் வாடகையை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். புதுச்சேரி வாடகை அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் பிரெஞ்சு ஓய்வூதியர் ஒருவர் மால்டாவிலோ சைப்ரசிலோ குடியேறினால், எஸ்-1 என்ற படிவத்தோடு அங்குள்ள பொது மருத்துவத்துக்குள் நுழைந்துவிடுவார். செலவைப் பிரான்ஸ் ஏற்கும். புதுச்சேரிக்கு அந்தப் படிவம் கிடையாது. வெளிநாட்டில் வசிப்பவரின் அடிப்படை ஓய்வூதியத்தில் 3.2 சதவீதத்தை மருத்துவக் காப்புக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் கிடைக்கும் சிகிச்சை, தற்காலிகமாகப் பிரான்சுக்குப் போகும்போதுதான். மாரடைப்பு வந்தவர் விமானம் ஏறிப் போக முடியுமா? வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான காப்பு நிதியில் சேரலாம். அதற்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். வாடகையில் மிச்சமானது இப்படி இன்னொரு வழியாகப் போகிறது.

ஜிப்மர் இருக்கிறதே என்பது அடுத்த பதில். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்கும் ஏழைகளின் மருத்துவமனை அது. யூரோ வருமானக்காரர் தம் கணக்கை அந்த வரிசையை நம்பிப் போடுவது சரியில்லை என்றே நினைக்கிறேன். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத்தூதரகம் உதவாதா என்றும் கேட்கலாம். வசதியற்ற பிரெஞ்சு முதியோருக்கு அங்கே ஓர் உதவித்தொகை உண்டு. பலருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதன் அளவை உள்ளூர் விலைவாசியைப் பார்த்து வகுக்கிறார்கள். ஊர் மலிவு என்பதே அங்கே தொகையைக் குறைக்கக் காரணமாகிவிடுகிறது. பருப்பின் விலை புதுச்சேரியில் குறைவு. இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்குத் தனியார் மருத்துவமனை போடும் பில் அந்த வயதானவரின் கையிருப்புக்குக் குறைவல்ல.

இதற்கு வழியே இல்லை என்று பிரெஞ்சு அரசு சொல்லவும் முடியாது. தொழிலாளர் விடுதிகளில் தனியாக முதுமையடைந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள், தங்கள் சொந்த நாட்டில் குடும்பத்தோடு நீண்டகாலம் தங்கியிருக்கும்போதும் பெறத்தக்க ஓர் உதவியை 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்தியது. 2016இல் அது நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் அதைக் கேட்க முடியாது. ஆக, குடியுரிமைக்காக அன்று கையெழுத்திட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அந்தக் கையெழுத்தாலேயே வெளியே நிற்கிறார்கள். அஸ்பா என்பது சந்தா கட்டிப் பெறுவதல்ல, வரிப்பணத்திலிருந்து தரும் உதவி, அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊர் திரும்ப நினைக்கும் முதியவர் பிரான்சிலேயே தங்கினால் முழு அஸ்பாவோடு வாடகை உதவியும் மருத்துவச் செலவும் அதே வரிப்பணத்திலிருந்துதான் போகின்றன. பாதித் தொகையையாவது கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பினால் அரசுக்கும் மிச்சம். அவருக்கும் பேசத் தெரிந்த மொழியில் அக்கம்பக்கம் கிடைக்கும். வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று நாடாளுமன்றத்தில் தனித் தொகுதிகள் இருக்கின்றன. புதுச்சேரி வாக்காளர்கள் அந்த வேட்பாளர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.