கைக்குழந்தையும் நடைக்குழந்தையும் ஒரே கூடத்தில்

காப்பகங்களில் கைக்குழந்தைகளையும் நடை பழகும் குழந்தைகளையும் ஒரே கூடத்தில் வைத்துப் பார்ப்பது தமிழ்நாட்டில் பெரும்பாலும் யோசித்து எடுத்த முடிவு அல்ல. இடமும் ஆளும் இருக்கிற அளவுக்குத் தானாக அமைந்துவிடுவது. தேயிலைத் தோட்டத்துக் காப்பகமானாலும், பஞ்சாலைக் காப்பகமானாலும், நகரத்து அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடப்பதானாலும், ஆறு மாதக் குழந்தையும் இரண்டரை வயதுக் குழந்தையும் ஒரே விரிப்பில்தான் பகலைக் கழிக்கின்றன. அங்கன்வாடி மையத்தில் பிள்ளையை விடுவதற்கு இரண்டு வயதாவது நிறைய வேண்டும். அதற்கு முன்னால் வேலைக்குத் திரும்ப வேண்டிய தாய்க்கு இத்தகைய கூடம்தான் கதி.

சட்டமும் இந்த இரு வயதையும் பிரித்துப் பார்த்ததில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்று மொத்தமாகத்தான் பேசின. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றது. தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது. அதையொட்டி 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மூன்று வயதுக்குக் கீழே 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், அதற்கு மேலே 20 பேருக்கு ஒருவர், கூடவே ஓர் உதவியாளர் என்று கணக்கு வைத்தன. பாலாடையில் பால் குடிக்கும் குழந்தைக்கும், நாற்காலி மேல் ஏறி நிற்கும் குழந்தைக்கும் அதில் ஒரே கணக்குதான்.

இங்கிலாந்தின் கணக்கு வேறு. அங்கே இரண்டு வயதுக்குக் கீழே 3 குழந்தைகளுக்கு ஒருவர். இரண்டு வயதில் 5 பேருக்கு ஒருவர். இந்த இரண்டாவது எண்ணிக்கை 2023 செப்டம்பர் வரை 4 ஆக இருந்தது. ஜப்பானில் ஒரு வயது நிரம்பாத 3 குழந்தைகளுக்கு ஒருவர், ஒன்று இரண்டு வயதில் 6 பேருக்கு ஒருவர். இங்கிலாந்து விதியில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. இரண்டு வயதுக்குக் கீழானவர்களுக்குத் தனி அறை இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே விதி, அந்த அறையில் இருக்கும் குழந்தைகள் பெரிய குழந்தைகளோடு பழகவும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. முழுக்கப் பிரிப்பதும் சரியல்ல, முழுக்கக் கலப்பதும் சரியல்ல என்பதுதான் அதன் பொருள். இந்த வேலையில் பழுத்த கைகள் எந்த விதியையும் படிக்காமலேயே இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

சேர்ந்திருப்பதால் கிடைப்பது சின்ன விஷயமல்ல. குப்புற விழப் பழகிய குழந்தை, எதிரே ஒரு பொம்மை கிடந்தால் தலையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்க்கும்; எதிரே இரண்டு வயதுக் குழந்தை கட்டை அடுக்கிக்கொண்டிருந்தால் கழுத்து நோகும்வரை பார்க்கும். பெரியவர்களின் கைவேலையைவிடத் தன்னைவிடச் சற்றே பெரிய குழந்தையின் கைவேலைதான் அதற்கு எட்டக்கூடியதாகத் தெரிகிறது. அண்ணனும் தங்கையும் ஒரே காப்பகத்துக்கு வரும்போது ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தால், முதல் வாரத்து அழுகை பாதியாகிறது. பெரிய குழந்தைக்கும் இதில் வரவு உண்டு. மேரிலின் ஷாட்ஸ், ரோச்சல் கெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டு வயதுக் குழந்தையிடம் பேசும்போது தாமாகவே வாக்கியத்தைச் சுருக்கி எளிதாக்கிக்கொள்வதைக் காட்டியது. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே குரலைத் தணித்து, "பாப்பா, இங்க பாரு" என்று மூன்று வயதுக் குழந்தை குனிவதைக் காப்பகத்தில் எந்த நாளும் பார்க்கலாம்.

இந்த நன்மை தானாக விளைவதில்லை. அதற்குக் கூடத்தை வயதால் பிரிக்காமல் அசைவால் பிரிக்கத் தெரிய வேண்டும். பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும். தரையில் வேலை செய்பவருக்கு அது அவ்வளவாக உதவாது. எட்டு மாதத்தில் தவழ்ந்து கதவுவரை போகும் குழந்தையும் உண்டு, பத்து மாதத்திலும் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராத குழந்தையும் உண்டு. ஆகவே கிடப்பவை, தவழ்பவை, நடப்பவை என்று மூன்றாகப் பார்ப்பதே நடைமுறை. கிடக்கும் குழந்தைக்கு ஆபத்து மேலிருந்து வருகிறது: மிதிக்கும் கால், விழும் பொம்மை, அன்போடு முகத்தில் போர்த்தப்படும் துணி. தவழும் குழந்தைக்கு ஆபத்து தரையில் கிடக்கிறது. நடக்கும் குழந்தைக்கு ஆபத்து கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. ஒரே கூடத்தில் மூன்று உயரத்திலும் கண் வேண்டும். நேற்றுவரை கிடந்த குழந்தை இன்று தவழத் தொடங்கியிருந்தால், அதைக் காலையில் கொண்டுவந்து விடும் தாயிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்ல ஆயாக்களின் வழக்கம். "நேத்து ராத்திரி முட்டி போட்டுட்டாம்மா" என்ற ஒரு சொல்லில் அன்றைய விரிப்பின் இடமே மாறும்.

தூளியை எடுத்துக்கொள்வோம். உத்தரத்திலோ இரும்புக் குழாயிலோ பழைய பருத்திப் புடவையைக் கட்டிய தூளியில் சின்னக் குழந்தை சீக்கிரம் அடங்குகிறது. தூளியின் அடிப்பாகமோ நடக்கும் குழந்தையின் நெஞ்சுக்கு நேரே தொங்குகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை முதலில் ஒரு விரலால் தொடும், அசையும். உள்ளங்கையால் தள்ளும், போய்த் திரும்பி வரும். மறுபடி தள்ளும். பாப்பாவை ஆட்டுவதாகவோ, பாப்பாவைத் துன்புறுத்துவதாகவோ அதன் மனதில் எதுவுமில்லை. தள்ளினால் போய்த் தானே திரும்பி வரும் ஒரு பெரிய பொருளை அது கண்டுபிடித்திருக்கிறது. அடுத்த தள்ளில் தூளி சுவரில் மோதலாம், இல்லை திரும்பி வந்து தள்ளிய குழந்தையையே மல்லாத்தலாம். "தள்ளாதே" என்ற சொல் இந்த வயதில் பயன்படுவதில்லை. சொல்பவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அது மீண்டும் தள்ளும். தூளி வரிசையைக் கூடத்தின் ஒரு கோடியில், குட்டைத் தடுப்புக்கு அப்பால் வைப்பது ஒரு பாதி. தள்ளுவதற்கென்றே இப்பக்கம் ஒரு மரவண்டியோ, துணி அடைத்துக் கனமாக்கிய அட்டைப்பெட்டியோ இருப்பது மறுபாதி. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால், அந்தக் குழந்தை நாள் முழுக்கத் தடுப்பைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும். குப்புற விழத் தொடங்கிய குழந்தையைத் தூளியில் தூங்கவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். கெட்டியான, சமமான படுக்கையில், தலையணையின்றி மல்லாக்கப் படுக்க வைப்பதே எந்த வயதுக் கைக்குழந்தைக்கும் பாதுகாப்பு.

தூளியைத் தள்ளும் இந்தக் குழந்தைதான் வயது கலந்த கூடத்தில் அதிகம் இழப்பது. பார்க்க வருகிறவர்கள் கைக்குழந்தையைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். அழுதால் அதை யாராவது தூக்கிவிடுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தை வேண்டியதை வாய் திறந்து கேட்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கும் இருபது மாதத்துக்கும் இடைப்பட்டது மடியிலிருந்து இறக்கப்பட்டுவிட்டது. கேட்கப் பேச்சு வரவில்லை. காத்திரு என்றால் புரியவில்லை. அது செய்வதெல்லாம் ஏறுவது, இழுப்பது, எறிவது, கடிப்பது. கைக்குழந்தைகள் நடுவில் இவை அத்தனையும் குற்றமாகிவிடுகின்றன. "தொடாதே", "எடுக்காதே", "பாப்பா தூங்குது", "கத்தாதே": ஒரு முற்பகலில் அந்த ஒரு குழந்தையின் காதில் விழும் தடைகளை ஒருவர் உட்கார்ந்து குறித்தால் காப்பகத்தின் தரம் வெளியே வந்துவிடும். அக்குழந்தைக்கு முரடு என்று பெயர் விழுந்துவிடுகிறது. உண்மையில் முரண்பாடு அதன் வயதுக்கும் அந்த அறைக்கும்தான்.

இதற்குத் தேர்ந்த பணியாளர்கள் செய்வது இரண்டு காரியம். ஒன்று, அந்தக் குழந்தைக்கு உண்மையான வேலை கொடுப்பது. துணி மாற்றும்போது சுத்தத் துணியை எடுத்து வரச் சொல்வது, ஈரமான கழுத்துத் துணியை வாளியில் போடச் சொல்வது, கைக்குழந்தையின் காலைத் தடவிக்கொடுக்கக் காட்டித் தருவது. தொடாதே என்பதைவிட இப்படித் தொடு என்பது பத்து மடங்கு வேலை செய்யும். மற்றது, துணி மாற்றுவது, ஊட்டுவது, முகம் கழுவுவது போன்ற நேரங்களில் அதற்கும் ஒரு முழுமையான பங்கைத் தருவது. ஹங்கேரி மருத்துவர் எம்மி பிக்லர் 1946இல் புடாபெஸ்ட்டின் லோட்சி தெருவில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் இதைத்தான் அடிப்படையாக வைத்தார். பராமரிக்கும் அந்தச் சில நிமிடங்களில் பணியாளரின் கவனம் முழுக்க ஒரு குழந்தை மேல் இருக்கும், அவசரம் இருக்காது, செய்யப்போவதைச் சொல்லிவிட்டே செய்வார்கள். அப்படி நிறைவு பெற்ற குழந்தை பிறகு தானாக விளையாடும் என்பது அங்கே கண்டறிந்தது. அங்குலம் அளவும் இடமில்லாத நம் காப்பகங்களிலும் இதற்குச் சாமான் செலவு ஏதுமில்லை. வேண்டியது ஒரு ஜோடிக் கை கூடுதலாக.

தரையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கலந்த கூடத்தில் விளையாட்டுச் சாமான் அனைத்தும் மிகச் சின்னக் குழந்தையின் வாய்க்கேற்ப இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களின் பொம்மைகளைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் உருளையின் உள் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் ஆகாது. பெரிய குழந்தைகள் பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் புளியங்கொட்டை, சோழி, அறுந்த அரைஞாணின் மணி, சட்டைப் பொத்தான் எல்லாம் இதில் அடங்கும். பொத்தான் வடிவ பேட்டரி தொண்டையில் தங்கினால் சில மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும். அது உள்ள பொம்மை உள்ளே வரவே கூடாது. பெரிய குழந்தை டப்பாவில் கொண்டுவரும் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை ஆகியவை தவழும் குழந்தைக்கு மூச்சடைக்கக் காரணமாகும். ஆகவே தீனி மேசையில் மட்டும், உட்கார்ந்து மட்டும். முடிந்ததும் பெருக்கிய பிறகே தவழும் குழந்தையை இறக்குவது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் பெரிய குழந்தையின் தேன் ஒரு சொட்டும் படக் கூடாது. பணியாளரின் சேலையில் சேப்டி பின் குத்தும் வழக்கத்தையும் விட வேண்டும்.

நோய் இன்னொரு பக்கம். நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மைக்கான முதல் ஊசி ஒன்பது மாதம் முடியும்போதுதான். இரண்டாவது பதினாறிலிருந்து இருபத்து நான்கு மாதத்துக்குள். ஆறு மாதத்தில் காப்பகத்துக்கு வரும் குழந்தைக்கு நடுவே மூன்று மாதம் அந்தக் காப்பு இல்லை. சுற்றியிருக்கும் பெரிய குழந்தைகள் ஊசி போட்டுக்கொண்டிருப்பதே அதற்குக் காவல். ஆகவே சேர்க்கையின்போது பெரிய குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கேட்பது கைக்குழந்தைக்காகவும்தான். வாயில் வைத்த பொம்மைக்குத் தனி வாளி, துணி மாற்றிய பிறகும் ஊட்டுவதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, காய்ச்சல் குழந்தையை அன்றே வீட்டுக்கு அனுப்புவது ஆகியவற்றில் தளர்வே கூடாது. காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்தால் கூலி போகும் தாயிடம் கடைசியாகச் சொன்னதை நிறைவேற்றுவது கடினம் என்பது உண்மை; அந்தக் கடினத்துக்காக காப்பு இல்லாத கைக்குழந்தையைப் பணயம் வைக்க முடியாது.

நேரத்தை அமைப்பதில்தான் அனுபவம் தெரியும். கைக்குழந்தை பகலில் இரண்டு மூன்று முறை தூங்கும், நடக்கும் குழந்தை மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை. இரு தூக்கமும் ஒன்றோடொன்று மோதாமல் செய்ய எளிய வழி, கைக்குழந்தையின் முற்பகல் தூக்கத்தின்போது பெரிய குழந்தைகளை வாசலுக்கோ மரத்தடிக்கோ கூட்டிப்போவது. பெரிய குழந்தைகள் தூங்கும் மதியத்தில் விழித்திருக்கும் கைக்குழந்தைகளை விரிப்பில் இறக்கி, காலடி பயமின்றிக் கை கால் ஆட்டவிடுவது. மூன்றாவது ஒரு நேரம், அரை மணியே போதும், எல்லோரும் சேர்ந்திருப்பது: பாட்டு, கை தட்டல், சோப்புக் குமிழ். கலப்பு அழகாக நடப்பது அந்த அரை மணியில்தான். நாள் முழுக்கக் கலந்தே இருக்கும் கூடத்தில் அந்த அழகு ஒருநாளும் வராது.

கடி வாங்கிய தடத்தோடு குழந்தை வீட்டுக்குப் போகும் நாள் எந்தக் காப்பகத்திலும் வரும். தாய் கண்டுபிடிக்கும் முன் பணியாளரே சொல்லிவிட வேண்டும். எப்போது, எங்கே, என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். கடித்த குழந்தையின் பெயரைச் சொல்லக் கூடாது. ஒரே தோட்ட லயத்திலும் ஒரே தெருவிலும் குடியிருப்பவர்களிடம் அந்தப் பெயர் பல ஆண்டுப் பகையாகிவிடும்.

இத்தனைக்கும் கைகள் போதுமா என்பதே கடைசிக் கேள்வி. ஒரே ஆளிடம் பத்துப் பேரை, அதில் நான்கு கைக்குழந்தைகளை, விட்டுவிட்டு, வயது கலந்து வளர்ப்பது நல்லது என்று சொல்வது பொய். அங்கே நடப்பது காவல் மட்டுமே. காப்பகம் பார்க்கப் போகும் பெற்றோர் காலை பதினொரு மணிவாக்கில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். தூளிகள் எங்கே கட்டியிருக்கின்றன, தரை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கால் மணி நேரம் அதையே கவனியுங்கள். யாராவது ஒருமுறையாவது அதன் பெயரைச் சொல்லி, திட்டாமல் பேசினால், உங்கள் கைக்குழந்தையைத் தயங்காமல் அங்கே விடலாம்.