கல்லூரி வாசலுக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு



இன்டர்மீடியட் பரீட்சை நெருங்கும் நாட்களில், ஹைதராபாத், செகந்திராபாத் நகரங்களிலுள்ள நம் தமிழ்ச் சபைகளில் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைக் கையில் ஏந்தி முன்னே வந்து நிற்பதையும், சபையார் எழுந்து நின்று அவர்களுக்காக ஜெபிப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது நல்ல வழக்கம். ஆனாலும் அந்த ஜெபத்திற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே குடும்பமாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டிய காரியங்கள் உண்டு. அவற்றைத் தீர்மானிக்காமல் விட்டுவிட்டு, கலந்தாய்வு நாளன்று போதகரைத் தொலைபேசியில் அழைத்துக் கண்ணீர் விடுகிற பெற்றோர் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.

முதலாவது, எந்த மாநிலத்தில் படிப்பது என்ற கேள்வி. 1966-இல் தென் மத்திய ரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. ரயில்வேயையும் கண்டோன்மென்டையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களோடு, பின்னாட்களில் மென்பொருள் வேலைக்காக வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இவர்களில் பலர் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்தவுடன், "பிளஸ் டூவை ஊரில் படிக்கட்டும், பாட்டி பார்த்துக்கொள்வார்" என்று திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ அனுப்பிவிடுகிறார்கள். பாசத்தினால் எடுக்கும் முடிவுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

1974-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இங்குள்ள கல்லூரிகளில் 85 சதவீத இடங்கள் உள்ளூர் மாணவருக்கு உரியவை. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடிகிற தொடர்ச்சியான நான்கு கல்வியாண்டுகளை இங்கே படித்தவரே உள்ளூர் மாணவர். அதாவது ஒன்பதாம் வகுப்பு முதல் இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம் வரை. மருத்துவப் படிப்பிற்கு இதே நிபந்தனையைத் தெலங்கானா அரசு 2024-இல் விதியாக்கியபோது வழக்குகள் எழுந்தன; 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை உறுதி செய்தது. அரசு ஊழியர், இராணுவத்தார் போன்ற சிலரின் பிள்ளைகளுக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. செகந்திராபாத்திலேயே பிறந்து, பத்தாம் வகுப்பு வரை இங்கேயே படித்த பிள்ளை, இரண்டே வருஷம் ஊரில் படித்ததால் இங்கு வெளியூர்ப் பிள்ளையாகிவிடக்கூடும். மீதி 15 சதவீத இடங்களுக்கு வேறு வழிகள் உண்டென்றாலும் அவற்றை மட்டும் நம்பித் திட்டமிடாதீர்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிட்டு இடம் தருகிறார்கள். எட்டாம் வகுப்பு முதல் அங்கே படிக்காத பிள்ளைக்குத் தாலுகா அலுவலகத்தில் பெறும் நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டும். நுழைவுத்தேர்வின் மூன்று மணி நேரத்தில் பதறிவிடும் பிள்ளைக்கு ஊர் நல்ல வழியாக இருக்கலாம். எப்படியானாலும் ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கும் முன்னே தீர்மானியுங்கள்; நடுவில் மாற்றாதீர்கள்.

சாதிச் சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த சான்றிதழை வைத்துத் தெலங்கானா மாநில இடஒதுக்கீட்டைக் கோர இயலாது. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்த ஒருவரின் மகன் மருத்துவக் கல்லூரி இடத்திற்காகத் தொடுத்த வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. மத்திய அரசின் கல்வி நிலையங்களில் நிலை வேறு. ஆகவே அந்தச் சான்றிதழ் பயனற்றது என்று எறிந்துவிடவும் வேண்டாம்.

அடுத்து, எந்தக் குரூப்? எம்.பி.சி., பை.பி.சி. இரண்டைத் தவிர உலகத்தில் படிப்பே இல்லை என்று இந்த நகரத்துப் பெற்றோர் எண்ணுகிறார்கள். சி.இ.சி., எம்.இ.சி. எடுத்துப் பின்பு சி.ஏ.வோ சட்டமோ படித்து நன்றாக இருப்பவர்கள் நம் சபைகளிலேயே உண்டு. 1974-இல் தொடங்கப்பட்ட ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் கச்சிபௌலியில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவுடன் சேரக்கூடிய ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைப் படிப்புகள் அங்கே உண்டு. அவற்றிற்கு க்யூட் என்னும் பொதுத்தேர்வை எழுத வேண்டும். பக்கத்திலேயே குடியிருந்தும் இதை அறியாத பிள்ளைகள் அநேகர்.

பெரிய ஜூனியர் கல்லூரிகளில் விடியற்காலை ஸ்டடி அவர் தொடங்கி இரவு வரை பிள்ளைகள் உட்கார்ந்தே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பரீட்சை வைக்கிறார்கள். ஆராதனைக்கு வர முடியவில்லையே என்று பிள்ளைகள் வேதனைப்படுகிறார்கள். தானியேலை நினைத்துப் பாருங்கள். அயல்தேசத்து அரண்மனையில் அந்நிய மொழியையும் அந்நிய நூல்களையும் மூன்று வருஷம் படித்த வாலிபன் அவன். படிப்பை மறுக்கவில்லை; புதிய பெயர் சூட்டப்பட்டபோது அதற்காகப் போராடியதாகவும் நாம் வாசிக்கவில்லை. உணவு விஷயத்தில் மாத்திரம் உறுதியாக நின்றான். அதிலும் அதிகாரியைப் பகைத்துக்கொள்ளாமல், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று தாழ்மையாகக் கேட்டான். நீங்களும் கேளுங்கள். கட்டணம் செலுத்துவதற்கு முன்பே, ஞாயிறு காலை மூன்று மணி நேரம் வெளியே செல்ல அனுமதி உண்டா என்று கேளுங்கள். அனுமதிக்கும் கல்லூரிகளும் உண்டு. பணம் கட்டி ஆறு மாதமானபின் அலுவலகத்தில் சண்டையிடுவதில் பயனில்லை, அவமானம் பிள்ளைக்குத்தான்.

இப்போது நான் எழுத விரும்பிய முக்கியமான காரியத்திற்கு வருகிறேன்.

2019 ஏப்ரலில் தெலங்கானா இன்டர்மீடியட் முடிவுகள் வெளிவந்தன. மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெறவில்லை. அடுத்த சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பெற்றோர் தெருவில் இறங்கி அழுதபின், தேர்ச்சி பெறாத அனைவருடைய விடைத்தாள்களையும் கட்டணமின்றி மறுபடி சரிபார்க்க அரசு உத்தரவிட்டது. தெலுங்கில் பூஜ்யம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு மாணவிக்கு உண்மையில் 99 மதிப்பெண்! மறுசரிபார்ப்பில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றனர்.

அந்த ஆயிரம் பேரைக் காட்டி, மதிப்பெண் பட்டியல் பொய்யாகவும் இருக்கலாம் என்று மட்டும் சொல்லி நான் நிறுத்திவிட விரும்பவில்லை. மற்ற இலட்சக்கணக்கானோர் உண்மையாகவே தேர்ச்சி பெறவில்லை. அவர்களுடைய உயிரும் அதே விலையுள்ளதுதான். தேர்ச்சி பெறாதவர்களுக்கு ஓரிரு மாதங்களுக்குள்ளாகவே அட்வான்ஸ்டு சப்ளிமென்டரி தேர்வு நடக்கிறது. அதில் தேறியவர் அதே வருஷம் கல்லூரியில் சேரலாம். எத்தனை வீடுகளில், முடிவு வருவதற்கு முன்பாகவே பெற்றோர் இதைப் பிள்ளைக்குச் சொல்லிவைக்கிறார்கள்? "தோற்றால் என்ன செய்வோம்" என்று பேசுவது அவிசுவாசம் என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறோம். பிள்ளை அந்த மௌனத்தை, தோற்றால் இந்த வீட்டில் எனக்கு இடமில்லை என்று புரிந்துகொள்கிறது.

சபையாருக்கும் சொல்லுகிறேன். முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் ராங்க் பெற்ற பிள்ளையின் பெற்றோர் மேடையேறி ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள், சாக்லேட் கொடுக்கிறார்கள். நன்றி செலுத்தட்டும், நல்லதுதான். ஆனால் அதே நேரத்தில் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தீர்களா? அல்லது அன்று ஆராதனைக்கே வராத குடும்பத்தைத் தேடினீர்களா? வாசலில் செருப்பைத் தேடும்போதே "ராங்க் எவ்வளவு?" என்று கேட்கும் அந்தப் பெரியவர்களிடம் நான் பலமுறை வேண்டிக்கொண்டதுண்டு: இரண்டு வாரம் கழித்துக் கேளுங்கள், ஐயா. எங்கள் சபையில் இப்பொழுது முடிவு வந்த அன்று மாலையே, தேர்ச்சி பெறாத பிள்ளைகளின் வீடுகளுக்கு இருவர் இருவராகச் செல்கிறோம். அறிவுரை சொல்வதில்லை. பிள்ளையோடு சாப்பிட்டுவிட்டு, சப்ளிமென்டரி கட்டணத்திற்குக் கடைசித் தேதி என்ன என்று பார்த்துவிட்டு வருகிறோம்.

தம்பி, தங்கையே, இரவில் மனம் கலங்கி, பெற்றோரிடமும் சொல்ல இயலாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். 2022 முதல் இயங்கும் அரசின் இலவச சேவை அது, தமிழிலும் பேசலாம். மனநல ஆலோசகரிடம் பேசுவது ஜெபத்திற்கு எதிரானதல்ல. காய்ச்சல் வந்தால் மருந்து வாங்குகிறோமே!

கல்லூரியில் இடம் கிடைத்த பின்பு வருபவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். ஜே.என்.டி.யூ. கல்லூரிகளில் 75 சதவீத வருகை கட்டாயம். தக்க காரணத்தோடு 65 வரை கட்டணம் செலுத்தி மன்னிப்புப் பெறலாம். அதற்கும் கீழே போனால் டிடெயின் செய்து மறுபடி அதே செமஸ்டரைப் படிக்க வைப்பார்கள். ஜூனியர் கல்லூரியில் இரண்டு வருஷம் மூச்சுவிடாமல் படித்த பிள்ளைகள், இங்கே கட்டுப்பாடு தளர்ந்தவுடன் முதல் செமஸ்டரிலேயே சறுக்குகிறார்கள். மூத்த மாணவர் துன்புறுத்தினால் மறைக்காதீர்கள். 1996-இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். 1997-இல் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தடைச் சட்டங்கள் வந்தன. ஆந்திரச் சட்டமே இன்று தெலங்கானாவிலும் உள்ளது. 1800-180-5522 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. பெற்றோர் அதைப் பிள்ளையின் கைபேசியில் பதிந்துகொடுங்கள்.

கடைசியாக, அசல் சான்றிதழ்கள். சரிபார்த்தவுடன் அவற்றைத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி தன்வசம் வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. "வழக்கம் அப்படித்தான்" என்று அலுவலகத்தில் சொன்னால், கோபப்படாமல் அந்த அறிவிப்பின் நகலை நீட்டுங்கள். பத்தாம் வகுப்புச் சான்று, இன்டர்மீடியட் மெமோ, ஒன்பதாம் வகுப்பு முதலான ஸ்டடி சர்டிபிகேட், டி.சி. ஆகியவற்றில் ஆறு ஆறு ஜெராக்ஸ் எடுத்து, ஒரு தொகுதியை ஊரிலுள்ள பாட்டி வீட்டிலும் வைத்துவிடுங்கள்.